முகம் அழித்த படம்

எங்கள் ஆபீஸ் வாசலில் ஆங்கிலத்தில் பெரிய பலகை தொங்கும். உள்ளே வந்து பார்த்தால் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் வேலை. விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போகும் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இரண்டாம் மாடி. நெடுஞ்சாலைக் கேமராக்களில் பதிவான துண்டு வீடியோப் படங்கள் கணினிக்கு வரும். மனிதன் தெரிந்தால் பச்சைக் கட்டம், வண்டி தெரிந்தால் நீலக் கட்டம், மாடு தெரிந்தால் மஞ்சள் கட்டம். லட்சக்கணக்கில் இப்படிப் போட்டுக் கொடுத்தால் அதைப் பார்த்து ஓர் இயந்திரம் எது மனிதன், எது மாடு என்று கற்றுக்கொள்ளுமாம். நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். அந்த இயந்திரத்தை வளர்க்கிற பெரிய மனிதர்களுக்கு அது எப்போது விளங்கும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் இளவரசி. அங்கே சூப்பர்வைசராக இருந்தேன், இந்தச் சித்திரை வரைக்கும்.

அஸ்வினி என் வரிசையில் கடைசி நாற்காலி. மண்டகப்பட்டுப் பக்கத்துப் பெண், பி.எஸ்சி. கணக்கு. முன்பெல்லாம் வாய் ஓயாது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பேச்சைக் கேட்கவே மற்ற பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் போவார்கள். மாசி மாதத்தில் அவள் அண்ணன் நெடுஞ்செழியன் செத்துப்போனான். கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில், சென்டரிங் வேலை முடித்துப் பஸ்ஸுக்கு நின்றவனை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. போலீசில் 'மது அருந்திய நிலையில் சாலையைக் கடந்தபோது' என்று எழுதினார்கள். அவன் பீடி கூடப் பிடிக்காதவன். அடித்த வண்டியைப் பார்த்த சாட்சி ஒருவருமில்லை. ஆனால் சாராய வாடையைப் பிடித்த சாட்சி மட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது. காலனிப் பையன் செத்தால் இந்த ஒரு வரி எழுதப் பேனாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் கேமரா கிடையாது என்று சொல்லி கேஸை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அஸ்வினி தன் டப்பாவைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கி வழிகிற நேரம், அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்க."

போனேன். திரையில் ஒரு சாலையோரம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் ஒருவன் நிற்கிறான். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல். எங்களுக்கு வருகிற எல்லாப் படத்திலும் அப்படித்தான். முகத்தையும் வண்டி நம்பரையும் அழித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். தனிமனித உரிமையாம், அந்தரங்கமாம்.

"எங்க அண்ணன்க்கா."

"மூஞ்சியே இல்லயேடி, எப்டி சொல்ற?"

"நிக்கிறதப் பாருங்கக்கா. எடது கால் மேல வலது கால வெச்சிக்கினு நிக்கிறான். துண்ட மணிக்கட்டுல சுத்திக்கினு. கொக்கு மாதிரி நிக்காதடான்னு அம்மா திட்டிக்கினே இருக்கும்."

படத்தின் மூலையில் கூட்டேரிப்பட்டு என்றும் தேதியும் நேரமும் இருந்தன. அதே நாள்தான். அவனைச் சுற்றிப் பச்சைக் கட்டம் ஏற்கெனவே விழுந்திருந்தது.

"பழக்கத்துல போட்டுட்டேன்க்கா. போட்டதுக்கு அப்புறம்தான் பாத்தேன்" என்றாள்.

அவளை எழுந்து போய் முகம் கழுவச் சொல்லிவிட்டு நான் அந்தப் படத்தை மேலே ஓட்டினேன். ஓட்டியிருக்கக் கூடாது. ஒரு வெள்ளைக் கார் வருகிறது, கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்குகிறது. நெடுஞ்செழியன் ஓர் அடி கூட நகரவில்லை, சாலையில் கால் வைக்கவில்லை. பஸ் வருகிறதா என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் எங்கள் வேலை என்ன தெரியுமா? கட்டத்தின் பெயரை மாற்ற வேண்டும். 'நிற்கும் மனிதன்' என்பதை எடுத்துவிட்டு 'விழுந்த மனிதன்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கச்சிக்காரி கையாலே அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் பாவிகள்.

கார் நம்பரும் கலங்கல்தான். ஆனால் அழிக்காத ஒரிஜினல் ஒன்று எங்கோ இருக்கும் அல்லவா? அதில் அண்ணன் முகமும் இருக்கும், அடித்தவன் நம்பரும் இருக்கும். அது கிடைத்தால் அவன் குடித்துவிட்டு விழவில்லை என்பதை ஊருக்கே காட்டலாம். அஸ்வினிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

எங்கள் முதலாளி கோகுலகிருஷ்ணனிடம் போனோம். திண்டிவனத்துப் பையன். அமெரிக்கா போய்த் தாடியோடு திரும்பி வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், 'கோகுல்னு கூப்பிடுங்கக்கா' என்பார், நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். கேட்டதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு 'ரொம்ப கஷ்டமா இருக்குக்கா' என்றார். டேட்டா எங்களுடையதில்லை, காலேஜுடையது, புரொபசரைப் பாருங்கள் என்றார். தள்ளிவிடுவதற்கு அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வர வேண்டுமா என்ன!

காலேஜ் திண்டிவனத்தைத் தாண்டிப் போகிற வழியில் இருக்கிறது. அங்கே பொறுப்புள்ள செயற்கை நுண்ணறிவு மையம் என்று ஒன்று. அதற்குத் தலைவர் முனைவர் சித்தார்த்தன். ஆராய்ச்சிக்காகப் பஞ்சாயத்திடம் அனுமதி வாங்கி நெடுஞ்சாலையோரத் தெருவிளக்குக் கம்பங்களில் கேமரா மாட்டியவர் அவர்தான். போலீசுக்குத் தெரியாத கேமரா அது. அவர் அறை முழுக்கக் கேடயங்கள். நாங்கள் இருவரும் நின்றுகொண்டே சொன்னோம். அவர் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நபரோட முகம் தெரியுதாம்மா?"

"தெரியல சார். நீங்கதான அழிச்சி அனுப்புறீங்க."

"அப்ப அவர் அடையாளம் இல்லாத நபர். அடையாளம் இல்லாத ஒருத்தருக்கு உறவினர் இருக்க முடியாது. லாஜிக்கலா யோசிங்க."

அஸ்வினி மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணன் சார். எனக்குத் தெரியாதா?"

"ஒரிஜினல்ல அந்தக் காரோட நம்பர் இருக்குமே சார். அத மட்டும் போலீசுக்குக் குடுத்தா போதும்" என்றேன் நான்.

"அது வண்டி ஓனரோட பிரைவசி மேடம். அவர் சம்மதம் இல்லாம எப்படிக் குடுக்கிறது?"

"அடிச்சிக் கொன்னவன் சம்மதம் வேணுமா சார்?"

"கொன்னார்னு டேட்டா சொல்லல. ஒரு நிகழ்வுன்னு மட்டும்தான் சொல்லுது." அப்புறம் ஏதோ நினைவு வந்தவர் போல முகம் மலர்ந்து, "ஆனா அந்தக் கிளிப் இருக்கே, கோல்டு. ஒரு மனிதர் நிற்கிற நிலையிலிருந்து விழுகிற நிலைக்கு மாறுறது அவ்வளவு தெளிவா உலகத்துல எங்கயும் கிடைக்காது" என்றார்.

அவன் தங்கச்சியை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு சொல்கிறார்! அட கருமமே என்று வாய் வரைக்கும் வந்தது. அஸ்வினி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், அதனால் விழுங்கினேன். எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு மெயில் போடுங்கள், அடுத்த மாதம் கூடும் என்றார். ஆனால் ஒரிஜினல் படங்கள் எல்லாவற்றையும் வருகிற வெள்ளிக்கிழமை மாநாட்டு மேடையில் வைத்து அழிக்கப் போகிறார்களாம். குத்துவிளக்கு ஏற்றுவதற்குப் பதிலாகச் சிறப்பு விருந்தினர் ஒரு பொத்தானை அமுக்குவார், மக்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்ற அத்தனையும் அழிந்துபோகும், இந்தியாவிலேயே இப்படிச் செய்வது இதுதான் முதல் முறை என்று பெருமையாகச் சொன்னார்.

"அழிச்சிட்டா அப்புறம் கமிட்டி எதப் பாக்கும் சார்?"

"அதான் மேடம் ரெஸ்பான்சிபிள்ன்றது" என்றார். எங்களுக்கு டீ வந்தது. நான் தொடவில்லை. பேச்சு முடிகிற வரைக்கும் அந்த மனிதர் அஸ்வினியின் முகத்தை ஒரு முறை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

திரும்புகிற வழியில், கேஸை மூடிய அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். ஏட்டு இருதயராஜ் நல்ல மாதிரிதான் பேசினார். "கேமரா கீதுன்னு காலேஜ்ல ஒரு வார்த்த சொல்லச் சொல்லும்மா, நான் பாக்கிறேன். நீ சொன்னேன்னு போயி நான் காலேஜ் கதவத் தட்ட முடியாது" என்றார். ஆக, எல்லாக் கதவும் எங்களைப் பார்த்ததும் வெள்ளிக்கிழமை வரைக்கும் சாத்திக்கொண்டது.

மாநாட்டுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து பத்துப் பெண்கள் வர வேண்டும், ஒரே மாதிரிப் பட்டுப் புடவை கட்ட வேண்டும் என்று கோகுலகிருஷ்ணன் சொல்லி அனுப்பினார். படித்த பெண்களை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? பன்னீர் தெளிக்க, சால்வைத் தட்டு ஏந்த. பொத்தான் இருக்கும் தட்டை ஏந்த ஒருத்தி வேண்டும் என்றதும் அஸ்வினி கையைத் தூக்கினாள்.

"உனக்கு இன்னா பைத்தியமாடி?" என்றேன்.

"கிட்ட நின்னா அந்தப் பெரியவர நேரா கேக்கலாம் இல்லக்கா. அமுக்கப் போறவரு அவருதான? ஒருவேள நல்லவரா இருந்தா?"

நல்லவரா! எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவளிடம் வேறு வழி இல்லை, என்னிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த அரங்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நுழைவாயிலிலிருந்து மேடை வரைக்கும் பேனர். ஒன்றில் 'மனிதனே மையம்' என்று எழுதி ஒரு ரோபோ படம் போட்டிருந்தார்கள். சென்னை, பெங்களூர், ஐதராபாத்திலிருந்து புரொபசர்கள், கம்பெனித் தலைவர்கள் எல்லாம் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் நடராசன், உலகம் பூராவும் கிளை வைத்திருக்கிற ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய தலை. அறம் என்ற சொல்லை அன்று காலையில் நான் கேட்ட அளவு என் ஆயுசில் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் என் காதில் அழுக்காக விழுந்தது.

மேடைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்த இடத்தில் கோகுலகிருஷ்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் கடுகடுவென்று நின்றதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

"அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஒண்ணும் அழியாது. பட்டன் சும்மா."

"சும்மான்னா?"

"அமுக்குனா ஸ்கிரீன்ல ஒரு அனிமேஷன் வரும், அவ்ளோதான். ஒரிஜினல் எல்லாம் நம்மகிட்ட பத்திரமா கீது. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டுக்கினு இருக்காங்க, அத போயி யாராச்சும் அழிப்பாங்களா?"

மேடையில் வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம் பேசுகிற மனிதருக்கு உண்மையைச் சொல்லும்போது மட்டும் ஊர்த்தமிழ் வந்துவிட்டது. எனக்கு ஒரு நிமிடம் உயிர் வந்தது.

"அப்ப அந்த ஒரு படத்த மட்டும் ஸ்டேஷனுக்குக் குடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"எப்டிக்கா குடுக்கிறது? இன்னும் அரை மணி நேரத்துல அது உலகத்துலயே இல்லாம போயிடும். அழிச்சாச்சுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துடும். அதுக்கப்புறம் இல்லாத ஒண்ண எங்கருந்து எடுத்துக் குடுக்கிறது? கேப்பாங்க இல்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தோளைத் தட்டி, கொஞ்ச நாள் போகட்டும், அந்தப் பெண்ணுக்கு நல்ல புரமோஷன் பார்க்கலாம் என்றார். தட்டின இடத்தை நான் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அழித்தேன் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறான். வைத்திருப்பதைக் கொடுத்தால் பொய் வெளிப்படும் என்று கொடுக்க மாட்டான். செத்தவன் நடுவில் மாட்டிக்கொண்டான். இப்படி ஓர் அசிங்கத்தைச் செய்துவிட்டு இவனுக்கெல்லாம் மத்தியானம் சாப்பாடு எப்படி இறங்கும்?

அஸ்வினியிடம் சொல்லலாம் என்று ஓடினேன். அதற்குள் அவள் மேடையேறிவிட்டாள். நான் சுற்றிக்கொண்டு வந்து கூட்டத்தோடு நின்றேன். பித்தளைத் தாம்பாளத்தில் ரோஜாப் பூ பரப்பி, நடுவில் ஒரு டேப்லெட். அதில் சிவப்புப் பொத்தான். அதற்கு ஒரு மூலையில் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருந்தார்கள். அவள் பெரிய திரைக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள்.

சித்தார்த்தன் பேச ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாகத் திரையில் ஒரு படத்தை ஓடவிட்டார். அதே படம். கல்யாண மண்டபச் சுவர் அளவுக்குப் பெரிதாக நெடுஞ்செழியன் நிற்கிறான், கால் மேல் கால் வைத்து, மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

"கூட்டேரிப்பட்டில் எங்கள் மையத்தின் கேமரா பதிவு செய்தது. இவர் யார்? யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் எங்கள் தொழில்நுட்பம்" என்றார் சித்தார்த்தன். கைதட்டல். "சென்ற வாரம் ஒரு பெண் பணியாளர் என் அறைக்கு வந்து இவர் தன் சகோதரர் என்றார். ஆனால் அவரால் நிரூபிக்க முடியவில்லை. நண்பர்களே, அதை நான் எங்கள் அமைப்பின் வெற்றியாகப் பார்க்கிறேன்."

அதற்கும் கைதட்டினார்கள். அந்தப் பெண் பணியாளர் அவருக்கு நாலடி தள்ளித் தட்டேந்தி நிற்பது அவருக்குத் தெரியவில்லை. கார் வருகிற இடத்துக்கு முன்பே படத்தை நிறுத்தினார். வன்முறையைக் காட்டக் கூடாது, அதுவும் பொறுப்புதான் என்றார். அஸ்வினி திரைப் பக்கம் திரும்பவே இல்லை. தட்டிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடராசன் எழுந்து வந்தார். போட்டோக்காரர்கள் முன்னால் குவிந்தார்கள். அவர் விரலை நீட்டினார். அஸ்வினி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை நீட்டினார். அவள் ஓர் அடி பின்னால் போனாள்.

"சார், ஒரு நிமிஷம் சார். அது எங்க அண்ணன் சார். அதுல இருக்கிறது எங்க அண்ணன். அந்த ஒண்ண மட்டும் வெச்சிட்டு மத்தது எல்லாத்தையும் அழிச்சிக்குங்க சார். அவன் குடிக்கலன்னு காட்டணும், அவ்ளோதான்."

மைக் பக்கத்தில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது. சித்தார்த்தன் அவர் காதில் ஏதோ சொன்னார். நடராசன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. தட்டின் ஒரு விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

"உங்க உணர்வுகளை நான் மதிக்கிறேன்மா. பிராசஸ்னு ஒண்ணு இருக்கில்லையா?"

அவர் இந்தப் பக்கம் இழுக்கிறார், அவள் அந்தப் பக்கம் இழுக்கிறாள். ரோஜாப் பூ கொட்டுகிறது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஐந்தாவது வரிசையில் நின்றுகொண்டிருந்த நான் என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அமுக்குங்க சார்! தைரியமா அமுக்குங்க! ஒண்ணும் ஆவாது, அது பொம்ம பட்டன்! ஒரிஜினல் எல்லாம் எங்க கம்பெனியில பத்திரமா கீது! இப்பதான் எங்க முதலாளி என்கிட்ட சொன்னாரு! இன்சூரன்ஸ் கம்பெனிக்கு விக்கப் போறாங்களாம்! அஸ்வினி, வுடுடி தட்ட! உங்கண்ணன் எங்கயும் போவல!"

கோகுலகிருஷ்ணன் முதல் வரிசையில் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் நடராசனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், சித்தார்த்தனைப் பார்த்தார், கடைசியாகப் போட்டோக்காரர்களைப் பார்த்தார். அப்புறம் அமுக்கினார்.

அமுக்கிவிட்டார்! திரையில் கலர் கலராகப் பட்டாம்பூச்சி பறந்தது. 'அனைத்தும் அழிக்கப்பட்டது' என்று எழுத்து வந்தது. முன் வரிசையில் யாரோ கைதட்ட, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மொத்தக் கூட்டமும் தட்டியது. சித்தார்த்தன் மைக்கைப் பிடித்து, "இப்படிப்பட்ட விமர்சனக் குரல்களுக்கும் மேடையில் இடம் தருவதுதான் பொறுப்புள்ள ஏஐ" என்றார். அதற்கு இன்னொரு கைதட்டல். பத்திரிகைக்காரர் ஒருவர் கூட எழுந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

நானும் அஸ்வினியும் வெளியே வந்தோம். கேட்டுக்கு வெளியே நின்று நான் காறித் துப்பினேன். இன்னொரு முறையும் துப்பினேன். வாய்க் கசப்பு போகவில்லை. அதற்குள் கோகுலகிருஷ்ணனிடமிருந்து எனக்கு மெசேஜ் வந்துவிட்டது, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று. அதில் கூட முதல் வரி 'அன்புள்ள அக்கா'.

விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அஸ்வினி போனில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"அக்கா, காலேஜ்காரங்க பங்ஷன் பூரா யூடியூப்ல லைவ் வுட்டிருக்காங்க. அண்ணன் நிக்கிறது, கூட்டேரிப்பட்டுன்னும் தேதியும் போட்டிருக்கிறது, எங்க கேமரான்னு புரொபசரு சொன்னது, நீங்க கத்துனது, எல்லாம் கீது. ஜல்தியா எறக்கி வெச்சிட்டேன்."

கேமராவே கிடையாது என்று மூடிய கேஸ் அது. அவர்களே மேடை போட்டு, மைக் வைத்து, இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் பெருமையைத் தாங்களே வாய் மூடாமல் பேசுகிற வியாதி அவர்களுக்கு இல்லாமல் இருந்திருந்தால் எங்களுக்கு அதுவும் கிடைத்திருக்காது. பஸ் கூட்டேரிப்பட்டை நெருங்குவதற்குள் யூடியூபில் அந்த வீடியோவை எடுத்துவிட்டார்கள். அழிப்பதில் மட்டும்தான் அவர்களுக்குச் சுறுசுறுப்பு.

ஸ்டேஷனில் ஏட்டு இருதயராஜ் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"ஒரிஜினல் அவங்ககிட்ட கீதுன்னு நீங்க சாட்சி சொல்லுவீங்களாம்மா?"

"இப்பவே எழுதுங்க. எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். "எழுதிடலாம். ஆனா இது அந்தப் பையன்தான்னு எத வெச்சி எழுதறது? மூஞ்சியே இல்ல. இந்தப் பொண்ணு அந்தக் கம்பெனியில வேல செய்றது, சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். வேற யாராச்சும் வந்து, எதுவும் சொல்லாம காட்டி, அவங்களா சொன்னா சரி."

அஸ்வினிக்கு அது யார் என்று புரிந்துவிட்டது. "அம்மா வேணாம் சார்" என்றாள். "அத அம்மா பாக்க வேணாம்."

"நிக்கிறத மட்டும்தான்மா காட்டப் போறேன். இதுல அதுக்கு மேல இல்லவும் இல்ல" என்றார் அவர். தணிந்த குரலில் சொன்னார்.

அஸ்வினியின் அம்மா குப்பம்மாள் சாயங்காலம் வந்து சேர்ந்தாள். மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தவளை ஷேர் ஆட்டோ பிடித்து வரச் சொல்லியிருந்தோம். கை நகத்தில் எல்லாம் செம்மண். ஸ்டேஷன் என்றதும் பயந்துபோய், மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பட்டுப் புடவையில் உட்கார்ந்திருந்த அஸ்வினியைப் பார்த்ததும் ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

"உக்காரும்மா. ஒண்ணுமில்ல. இதக் கொஞ்சம் பாத்து யாருன்னு தெரியுதான்னு சொல்லு" என்று ஏட்டு போனை நீட்டினார்.

குப்பம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். போனை வாங்காமல் குனிந்து பார்த்தாள். படம் ஓட ஆரம்பித்தது. ரொம்ப நேரம் ஆகவில்லை.

"கால எறக்கி நில்லுடா" என்றாள்.

தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது. திட்டுகிற குரல். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குத் தான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்தது. அவள் கை தானாகப் போய் அந்தக் கண்ணாடியைத் தொட்டது. இருதயராஜ் போனை நிறுத்தி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தார். காலேஜ் பெயர், கம்பெனி பெயர், கோகுலகிருஷ்ணன், சித்தார்த்தன் என்று நான் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எழுதினார். அஸ்வினி அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, மாசியில் அழாத அழுகையை எல்லாம் அழுதாள்.

எழுதி முடித்துத் தாளைக் குப்பம்மாள் பக்கம் திருப்பினார் ஏட்டு. "அது உன் பையன் நெடுஞ்செழியன்னு எழுதியிருக்கேன். இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

அவள் பேனாவை வாங்கினாள். போடவில்லை. கவிழ்த்து வைத்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து போடறேங்க" என்றாள். "அவன் மூஞ்சிய ஏன் சார் அழிச்சி வெச்சிருக்கீங்க? டிவியில திருடனப் புடிச்சாதான அப்டிக் காட்டுவாங்க? எம் புள்ள இன்னா தப்பு பண்ணான்?"